தொட்டித் தண்ணி பச்சையானா பிளீச்சிங் பவுடர் போடலாமா?

எங்கள் குழுவின் மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. இயற்கை விவசாயத்துக்குப் புதுசு. கணியம்பாடிப் பக்கம் நிலம். "அக்கா, பம்புசெட் தொட்டி பத்து நாளுக்கு ஒருக்கா பச்சை ஆயிடுது. லீவு விட்டா புள்ளைங்க எல்லாம் அதுலதான் விழுந்து கெடக்குது. பிளீச்சிங் பவுடர் போட்டா போயிடும்னு சொல்றாங்க. நம்ம மாதிரி விவசாயம் பண்றவங்க அதப் போடலாமா?"

கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. "ரசாயனம்னா ரசாயனம்தான், வாசல்லயே நிறுத்துங்க" என்றார் ஒருவர். "நீங்க குடிக்கிற பஞ்சாயத்துத் தண்ணியில இன்னா கலக்குறாங்கன்னு நெனச்சீங்க?" என்று இன்னொருவர். டீ ஆறிப்போகும் வரை பேசினார்கள். நாலு கோடையாக எங்கள் தொட்டியில் சோதனை செய்து, கணக்குப் போட்டு, நோட்டில் எழுதி வருகிறேன் என்பதால் என்னை எழுதச் சொல்லிவிட்டார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இறங்குகிற தொட்டி என்றால் போட வேண்டும். பாசனத்துக்கு மட்டும் உள்ள தொட்டி என்றால் தேவையில்லை, அதற்கு வேறு வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே தொட்டியில் செய்கிறவர்கள்தான் நம்மில் அதிகம் என்பதால், எதை எப்போது செய்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எங்கள் நிலம் பாகாயத்திலிருந்து ஆரணி சாலையில் கொஞ்ச தூரம். முள்ளுக் கத்தரி, தென்னை, கொஞ்சம் நெல், நாலு மாடு. தொட்டி 12 அடி நீளம், 10 அடி அகலம், தண்ணி நிற்பது நாலரை அடி. எங்கள் மாமனார் காலத்தில் கட்டியது. அந்தக் காலத்தில் இந்தத் தொட்டியில் பாசி என்று ஒரு பேச்சே வந்ததில்லை என்பார்கள் வீட்டில். அது உண்மைதான். அதற்குக் காரணம் பழைய தண்ணி நல்ல தண்ணி என்பதல்ல. மோட்டார் ஓடும், தண்ணி தொட்டியில் விழும், மறுபக்கம் வாய்க்காலில் ஓடிவிடும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை தொட்டித் தண்ணி முழுக்க மாறிக்கொண்டே இருந்தது. பாசிக்கு ஊன்றி வளர நேரமே இல்லை. சொட்டு நீர் போட்ட பிறகு கதை மாறியது. கரண்ட் வரும்போது தொட்டியை நிரப்பி வைத்து, தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறோம். தண்ணி மூன்று நாள், நாலு நாள் வெயிலில் நிற்கிறது. சொட்டு நீர் தண்ணியை மிச்சப்படுத்தியது நிஜம், ஆனால் ஓடும் தொட்டியை நிற்கும் குட்டையாக்கியதும் அதுதான். யாரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பாசிக்கு வேண்டியது மூன்று. வெயில், நிற்கும் தண்ணி, உரம். உரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் எல்லாம் நம் கைவேலை. மாட்டுக்கொட்டகை கழுவிய தண்ணி மழைக்கு வழிந்து வரும். ஜீவாமிர்த டிரம்மைத் தொட்டி விளிம்பில் வைத்துக் கலக்குவோம். அதிலேயே துணி அலசுவோம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பிள்ளைகள் நேரே குதிக்கும். தழைச்சத்தும் மணிச்சத்தும் பயிருக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்று அதுகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நெல் வயலில் நாம் காசு கொடுத்து வாங்கி விடுகிற நீலப்பச்சைப் பாசி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகிற அதே ஜாதிதான், தொட்டியில் வந்து எண்ணெய்ப் படலம் மாதிரி மிதந்தால் நமக்கு எதிரி.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. சுவரில் வழுவழுவென்று ஒட்டும் பாசியும், நூல் நூலாக வரும் பாசியும் பெரும்பாலும் தொந்தரவு மட்டும்தான். ஆனால் நீலப்பச்சையாக, பெயின்ட் கொட்டியது போல ஆடை கட்டி, கெட்ட வாடை வந்தால் அதில் சில வகைகள் நஞ்சு உண்டாக்கும். மாடு குடித்தால் செத்துக்கூடப் போகும். அதைத் தண்ணிக்குள்ளேயே மருந்து போட்டுக் கொன்றால் உள்ளே இருக்கிற நஞ்சு மொத்தமும் தண்ணியில் கலந்துவிடும். அப்படிப்பட்ட தண்ணியை முதலில் வெளியேற்றிவிட வேண்டும். கீரைக்கும் விடாதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள். தென்னை வட்டத்துக்கு விட்டால் போதும்.

பிள்ளைகள் ஏன் முக்கியம்

பச்சைத் தண்ணியில் குளித்தால் என்ன, நாங்கள் எல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, தண்ணி பச்சையாக இருந்தால் அடி தெரியாது. அடி தெரியாவிட்டால், மூழ்குகிற பிள்ளையும் தெரியாது. நாலரை அடி ஆழம் பெரியவர்களுக்கு நெஞ்சளவு, ஆறு வயசுப் பிள்ளைக்கு அது கிணறு. கோடை லீவில் பேப்பரைத் திறந்தால் கிணற்றிலும் குட்டையிலும் போன பிள்ளைகளின் செய்தி இல்லாத வாரம் இல்லை. எங்கள் தொட்டியின் அடியில் ஒரு மூலையில் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்றைச் சிமென்ட் வைத்துப் பதித்திருக்கிறேன். மேலே நின்று பார்த்தால் தட்டின் விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது. குளோரின் டெஸ்ட் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, 2024 மே முதல் ஜூலை வரை கேரளத்தில் நடந்தது. குளத்திலும் ஆற்றிலும் குளித்த பிள்ளைகள் சிலர் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோனார்கள். நெக்லேரியா என்ற அமீபா. கண்ணுக்குத் தெரியாது. சூடான, நிற்கும் நன்னீரில் வளரும். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து, ஏறிவிட்டால் பிழைப்பது மிகவும் அபூர்வம். கோழிக்கோடு பக்கம் பய்யோளியைச் சேர்ந்த 14 வயசுப் பையன் சீக்கிரமே கண்டுபிடிக்கப்பட்டு, சிகிச்சை எடுத்துப் பிழைத்து வந்தான். அந்த ஜூலையிலேயே தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையும் நீச்சல் குளங்களைக் குளோரின் போட்டுப் பராமரிக்கச் சொல்லி அறிவுரை விட்டது. இது லட்சத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய், பயந்து பிள்ளைகளை வீட்டில் பூட்ட வேண்டாம். ஆனால் வேலூர் வெயிலை யோசித்துப் பாருங்கள். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். சிமென்ட் தொட்டித் தண்ணி மதியத்தில் கையை வைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கும். அந்த அமீபாவுக்குப் பிடித்த சூடு அதுதான். அதைக் கொல்ல நம் கையில் உள்ள எளிய வழி, தண்ணியில் எப்போதும் கொஞ்சம் குளோரின் மீதம் நிற்பது. காது சீழ், கண் எரிச்சல், வயிற்றுப்போக்கு இதெல்லாம் கூடவே குறையும்.

குளோரைடு வேறு, குளோரின் வேறு

என் தம்பி ஆம்பூர்ப் பக்கம் விவசாயம் செய்கிறான். போன வருஷம் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிணற்றுத் தண்ணியைக் கொடுத்து ரிப்போர்ட் வாங்கி வந்தான். "அக்கா, குளோரைடு ஆயிரத்து நூறுன்னு போட்டுக்கீது பாரு. அப்போ எங்க தண்ணியில ஏற்கனவே குளோரின் எக்கச்சக்கமா கீதே, அப்புறம் எதுக்குப் பவுடரு?" என்றான்.

நம் ஜில்லாவில் இந்தச் சந்தேகம் நிறைய பேருக்கு உண்டு, அதனால் விளக்கமாகவே சொல்கிறேன். குளோரைடு என்பது உப்பு. சாப்பாட்டு உப்பில் இருப்பதும் அதுதான். வேலை முடிந்து செத்துக் கிடக்கிற குளோரின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு கிருமியையும் கொல்லாது, பாசியையும் தொடாது. உயிரோடு வேலை செய்வது குளோரின். அது ரிப்போர்ட்டில் மீதக் குளோரின் என்று தனியாக வரும், கிணற்றுத் தண்ணியில் அது பூஜ்யமாகத்தான் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 250 மில்லிகிராம் நல்லது, வேறு வழியில்லை என்றால் 1000 வரை. மொத்தக் கரைந்த உப்பு 500, வழியில்லை என்றால் 2000. மீதக் குளோரின் 0.2 ஆவது இருக்க வேண்டும். ஆயிரத்தைத் தாண்டுகிற எண்ணும் புள்ளி இரண்டு என்கிற எண்ணும் ஒரே பொருளாக இருக்க முடியாது என்று சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

அவன் கிணற்றுக்கு அவ்வளவு உப்பு எங்கிருந்து வந்தது என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தோல் கெடாமல் இருக்க உப்பில் போட்டு வருகிறார்கள். ஊறவைத்துக் கழுவும்போது அத்தனை உப்பும் தண்ணியோடு வெளியே வருகிறது. அது வருஷக்கணக்கில் பாலாற்றுக்கும் நிலத்துக்கும் போனது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நாடு முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது அந்தத் தீர்ப்பு. 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது. தீர்ப்பு பாடப் புத்தகத்துக்குப் போய்விட்டது, உப்பு மட்டும் கிணற்றிலேயே நிற்கிறது. குளோரின் போட்டு அந்த உப்பை எடுக்க முடியாது. பிளீச்சிங் பவுடர் போடப் போட குளோரைடு துளி கூடத்தான் செய்யும்.

ரிப்போர்ட்டில் இன்னொரு எண்ணைப் பார்க்கச் சொல்வேன். பி.எச். என்று போட்டிருக்கும் காரத்தன்மை. குளோரினின் வேகம் இதில்தான் இருக்கிறது. 7 என்றால் போட்ட குளோரினில் முக்கால் பங்கு வீரியமாக வேலை செய்யும். ஏழரையில் பாதி. 8 ஆனால் கால் பங்குதான். எங்கள் போர் தண்ணி 7.8 காட்டுகிறது. போதாததற்குப் பாசியே பகலில் தண்ணியிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக் காரத்தை ஏற்றிவிடும். பச்சைத் தொட்டியில் மதியம் பார்த்தால் ஒன்பதைத் தொடும். அதனால்தான் பச்சைத் தண்ணியில் மதியம் பவுடரைக் கொட்டியவர்கள் "ஒண்ணும் ஆகல" என்று சொல்கிறார்கள். நீச்சல் குளக்காரர்கள் ஆசிட் ஊற்றிக் காரத்தைக் குறைப்பார்கள். நம் வீட்டில் அது வேண்டாம். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சந்தித்தால் விஷ வாயு கிளம்பும். பாதித் தண்ணியை வெளியே விட்டுப் புதுத் தண்ணி நிரப்பினாலே காரம் இறங்கிவிடும்.

எப்படிச் செய்கிறேன்

எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் அண்ணன். மேல்நிலைத் தொட்டிகளின் காலில் சுத்தம் செய்த நாள், அடுத்துச் சுத்தம் செய்யும் நாள் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தத் தேதியை நிஜமாகவே கடைப்பிடிக்கிற மனுஷன். அவர் சொன்ன முதல் பாடம்: "அழுக்கு மேல மருந்து போட்டா மருந்துதான் செத்துப்போவும், அழுக்கு சாவாது."

அதனால் முதலில் பச்சைத் தண்ணி முழுவதையும் தென்னைக்கு விட்டுவிடுகிறேன். குளோரின் போடுவதற்கு முன்னால் இது சத்துள்ள தண்ணி, வீணாக்கக் கூடாது. பிறகு தென்னந்துடைப்பத்தால் சுவரையும் தரையையும் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காய விடுவது. வெயிலே பாதி வேலையைச் செய்துவிடும். காய்ந்ததும் உள்பக்கம் சுண்ணாம்பு அடிக்கலாம். அடித்தால் முதல் தண்ணியைப் பிடித்து வெளியே விட்டுவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் காரம் ஏறிவிடும்.

அடுத்தது கணக்கு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கினால் கன அடி. எங்களுக்கு 540. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக 15,000 லிட்டர் சொச்சம். ஆயிரம் லிட்டரில் ஒரு கிராம் குளோரின் கரைந்தால் அது ஒரு பிபிஎம். பிளீச்சிங் பவுடர் புதுசாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டை பிரித்து நாளானால் குறைந்துகொண்டே வரும். நான் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் இறங்கும் தண்ணியில் ஒன்றிலிருந்து மூன்று பிபிஎம் வரை நிற்க வேண்டும். நான் இரண்டு வைக்கிறேன். 15,000 லிட்டருக்கு 30 கிராம் குளோரின், அதாவது 100 கிராம் பவுடர். குடிநீருக்கு என்றால் இதைவிட மிகக் குறைவு. ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் பவுடர், ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது மீதம் அரை மில்லிகிராம் என்பதுதான் பொதுச் சுகாதாரப் பாடம்.

வெளியூர் போய்த் திரும்பும்போது தொட்டி முழுப் பச்சையாகி, காலி செய்யவும் வழியில்லாத தண்ணிப் பஞ்ச நாளாக இருந்தால் மட்டும் ஒரு பெரிய வேளை. பத்து பிபிஎம். எங்கள் தொட்டிக்கு அரைக் கிலோ. பாசி வெளுத்து அடியில் படியும், அதைக் குழாய் போட்டு உறிஞ்சி வெளியேற்றுவேன். மறுநாள் காலையில் சோதித்தால் குளோரின் பூஜ்யம் என்று வந்தால் பாசி இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், இன்னொரு ராத்திரி வேண்டும். மூன்றுக்குக் கீழே இறங்கும் வரை பிள்ளைகளுக்குத் தடை.

பவுடரை அப்படியே தொட்டியில் தூவக் கூடாது. அதிலுள்ள சுண்ணாம்பு அடியில் சேறாகப் படிந்து டிரிப்பரை அடைக்கும். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணி விட்டுக் கூழாகக் கரைத்து, வாளி நிறையத் தண்ணி ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளிய விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியைச் சுற்றி ஊற்றுகிறேன். இரும்பு வாளி வேண்டாம். காற்று முதுகுக்குப் பின்னால் இருந்து வரும்படி நில்லுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். கையில் யூரியாவோ கோமியமோ பட்டிருந்தால் கழுவிவிட்டு வாருங்கள்.

நேரம் சாயங்காலம். இதை யார் சொன்னாலும் மாற்ற மாட்டேன். நேர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரினுக்கு மேல் சிதைந்துபோய்விடும். பொழுது சாய்ந்து ஊற்றினால் ராத்திரி முழுக்க வேலை செய்யும். எங்கள் தொட்டியில் சாயங்காலம் இரண்டு வைத்தால் காலையில் ஒன்றுக்கு மேல் நிற்கிறது. அதனால் பேரப்பிள்ளைகளுக்குக் குளியல் நேரம் காலை 7 முதல் 9 வரை. மதியம் இறங்க அடம் பிடிப்பார்கள். மதியம் டெஸ்ட் செய்தால் குளோரின் இருப்பதே இல்லை, தண்ணியும் சூடு. கடையில் வட்ட வட்டமாகக் குளோரின் மாத்திரை விற்கிறார்கள், வெயிலில் நிற்கும் என்பார்கள். அந்த மாத்திரைகளில் சயனூரிக் அமிலம் என்று ஒன்று சேர்த்திருக்கிறது, அதுதான் நிற்க வைக்கிறது. குளோரின் போனாலும் அது போகாது, தொட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் நிலத்துக்கு வரும் தண்ணியில் அது எனக்கு வேண்டாம்.

சோதனைக்கு இரண்டு வகைக் கிட் கிடைக்கிறது. டேங்க் ஆபரேட்டர்கள் வைத்திருக்கும் குளோரோஸ்கோப்பில் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். பத்து விநாடிக்குள் வரும் மஞ்சள்தான் நமக்கு வேண்டிய வீரியமுள்ள குளோரின். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல ஏறும் மஞ்சள், அழுக்கோடு சேர்ந்துவிட்ட குளோரின். அது கண்ணை எரிக்கும், வாடை அடிக்கும், வேலை செய்யாது. குளத்தில் குளோரின் வாடை தூக்கலாக இருந்தால் மருந்து அதிகம் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் உண்மை தலைகீழ். மூத்திரமும் வியர்வையும் அதிகம், குளோரின் பற்றவில்லை. அந்த மஞ்சள் மருந்து உடம்புக்கு நல்லதல்ல, பிள்ளைகள் தொடக் கூடாது, சோதித்த தண்ணியைத் தொட்டியில் திருப்பி ஊற்றக் கூடாது. இன்னொரு கிட், டிபிடி. இளஞ்சிவப்பு வரும். கொஞ்சம் விலை கூட, ஆனால் நான் இதற்கு மாறிவிட்டேன். அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பத்து பிபிஎம் போட்ட ராத்திரி சோதித்தால் குளோரின் அதிகமாகி நிறத்தையே வெளுத்துவிடும். வெள்ளையாக இருக்கிறதே, குளோரினே இல்லை போல என்று இன்னும் அரைக் கிலோ போட்டுவிடுவார்கள். அப்படிச் சந்தேகம் வந்தால் ஒரு பங்குத் தொட்டித் தண்ணிக்கு நாலு பங்கு சுத்தமான போர் தண்ணி கலந்து சோதித்து, வந்ததை ஐந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

மூட்டையின் வீரியத்தையும் இப்படியே பார்க்கலாம். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் தெளிந்த போர் தண்ணி பிடித்து 5 கிராம் பவுடரைக் கரைத்து விடுங்கள். அரை மணி கழித்து ஒன்றரை பக்கம் காட்டினால் நல்ல பவுடர். அரைதான் வருகிறது என்றால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

இயற்கை வழிகள் என்று சொல்பவை

தேத்தான்கொட்டையை உரசி விடலாமே, முருங்கை விதையை இடித்துப் போடலாமே என்று கேட்கிறார்கள். இரண்டும் நல்ல பொருள். கலங்கல் தண்ணியைத் தெளிய வைக்கும், அழுக்கைத் திரட்டி அடியில் இறக்கும். நம் பாட்டிமார் பானையில் செய்தது அதுதான். ஆனால் தெளிந்த பிறகும் கிருமியைத் தடுக்கும் மீதம் ஒன்றும் நிற்காது. அடுத்த பிள்ளை இறங்கியதும் பழைய கதை. மயில்துத்தம் பாசியைக் கொல்லும். ஆனால் நம் கடினத் தண்ணியில் சீக்கிரம் படிந்துபோய்விடும், தாமிரம் மண்ணில் சேரும், மீனுக்கு எமன். போர்டோ கலவைக்கே அளந்து அளந்து பயன்படுத்தும் நாம் அதைத் தொட்டியில் கொட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை.

உண்மையான இயற்கை வழி நிழல்தான். பாதித் தொட்டிக்கு மேல் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டதில் பவுடர் செலவு கணிசமாகக் குறைந்தது. மாட்டுக்கொட்டகைத் தண்ணிக்குத் தனி வாய்க்கால் வெட்டி வாழைக்குத் திருப்பினோம். தொட்டி ஓரம் ஒரு மக்கும் பக்கெட்டும் வைத்து, கால் கழுவி, எண்ணெய் போகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சட்டம். இந்த மூன்றையும் செய்யாமல் பவுடர் மட்டும் போடுபவர்கள் பாசிக்கு ஒரு கையால் சோறு போட்டு மறு கையால் அடிக்கிறார்கள்.

சான்றிதழுக்குப் பாதகம் வருமா என்றால், அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளிலேயே பாசனக் கருவிகளைச் சுத்தம் செய்யக் குளோரினுக்கு இடமுண்டு. நிலத்துக்குப் போகும் தண்ணியில் மீதம், குடிநீருக்கு அங்கே அனுமதித்த 4 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் பிஜிஎஸ் குழுவில் இருந்தாலும் தனிச் சான்று வைத்திருந்தாலும் உங்கள் பண்ணை நோட்டில் தேதி, அளவு, காரணம் மூன்றையும் எழுதிக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைக்கத்தான் கூடாது.

மண்ணுக்கு என்ன ஆகும் என்பது நியாயமான கவலை. மட்கு உள்ள மண்ணில் ஒன்றிரண்டு பிபிஎம் குளோரின் விழுந்த உடனே செலவாகிவிடும். மேல் மண்ணில் சில நுண்ணுயிர் போகலாம், திரும்ப வந்துவிடும். ஆனாலும் ஜீவாமிர்தம் கரைக்கிற 200 லிட்டர் தண்ணியில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்குப் போரிலிருந்து நேரே பிடித்த தண்ணி. வேறு வழியில்லாமல் தொட்டித் தண்ணியோ பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணியோ எடுக்க நேர்ந்தால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்து, கிட்டில் நிறம் வரவில்லை என்று பார்த்த பிறகுதான் சாணம் கரைப்பது. மாடித்தோட்டம் வைத்திருக்கும் டவுன்காரர்களுக்கும் இதுவேதான்.

பவுடர் மூட்டையை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் படாத இடத்தில், மண்ணெண்ணெய், டீசல், உரம் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள். மாடும் பிள்ளையும் எட்டாத உயரம்.

பாசனத்துக்கு மட்டுமான தொட்டியில் குளோரின் கிடையாது என்று முதலில் சொன்னேன். எங்களுக்குப் பின்பக்கம் அப்படி ஒரு சின்னத் தொட்டி இருக்கிறது. அதில் திலேப்பியா மீன் விட்டிருக்கிறேன், பாசியைத் தின்றுவிடும், மீன் தண்ணி கத்தரிக்கு நல்ல சத்து. டிரிப்புக்குப் போகும் இடத்தில் மணல் ஃபில்டர், வாரம் ஒரு முறை திருப்பிக் கழுவுவது, மாதம் ஒரு முறை லேட்டரல் முனையைத் திறந்து ஓட விடுவது. இதற்கே தீர்ந்துவிடுகிறது. ஒரே சங்கடம், மீனுக்குக் குளோரின் துளி பட்டாலும் ஆகாது. பவுடர் கரைக்கும் வாளி, மக்கு, கிளறும் கழி மூன்றிலும் சிவப்புப் பெயின்ட்டில் பட்டை அடித்து வைத்திருக்கிறேன். வேலைக்கு வரும் பெண்களுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், வீட்டுக்காரருக்கும் ஒரே உத்தரவு: சிவப்புப் பட்டை போட்டது பின்பக்கத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது.